கேர்சொப்பாக் கப்பலும் கடல் ஓவியமும்

நம் கல்லாற்று நீர் பொன்முடிச் சாரலிலே உருண்டைப் பாறைகளின் ஊடே குதித்திறங்கி, வாமனபுரத்து ஆறாகப் பெருகி, அஞ்சுதெங்குக் காயலைச் சேர்ந்து, பின்னர் அரபிக்கடலிற் கலக்கின்றது. அந்த அஞ்சுதெங்கிலே பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயக் கம்பெனியார் ஒரு கோட்டை கட்டினர். அவர்களை அங்கே இழுத்து வந்தது மிளகு. மலையிலே விளைந்த ஒரு கொடியின் காய்க்காகக் கடல் கடந்து வந்தவர்கள், பிற்காலத்தில் இந்நாட்டையே ஆண்டனர் என்பது நாம் அறிந்த கதை. அதே மிளகினாற் பெயர் பெற்ற மற்றோர் ஊர், இதே மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபால், கன்னட நாட்டிலே சராவதி ஆற்றங்கரையில் இருக்கின்றது. அதன் பெயர் கேர்சொப்பா. பதினாறாம் நூற்றாண்டில் அங்கிருந்து அரசாண்ட சென்னபைராதேவி என்னும் சமண அரசியைப் போர்த்துக்கீசியர் ‘மிளகு ராணி’ என்றே வழங்கினர். இன்று ஜோக் அருவி என்று நாம் அழைப்பதை ஆங்கிலேயர் நெடுங்காலம் கேர்சொப்பா அருவி என்றே எழுதிவந்தனர்.

அருவிக்கும் அரசிக்கும் உரிய அந்தப் பெயர் இப்போது அட்லாண்டிக் மாகடலின் அடியிலும் கிடக்கின்றது. அயர்லாந்துக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 300 மைல் தொலைவில், 4,700 மீட்டர் ஆழத்தில், நிமிர்ந்தபடியே மண்ணில் அமர்ந்திருக்கும் ஒரு சரக்குக் கப்பலின் பெயர் அது. இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய கப்பல்கள் ஆயிரக்கணக்கானவை. அவற்றுள் இந்த ஒன்றைப் பற்றி நம் மலரிலே எழுதத் துணிந்ததற்குக் காரணம் உண்டு. அக்கப்பலிலிருந்து வெள்ளி வந்தது, கடிதங்கள் வந்தன, உலகமெங்கும் செய்தி பரவிற்று. ஆனால் அதிலே உயிர்நீத்தவருள் பெரும்பாலோர் நம் நாட்டவர் என்பது மட்டும் செய்தியின் ஓரத்திலேயே நின்றுவிட்டது.

கப்பலின் சொந்தக்காரரைத் தமிழர்க்கு அறிமுகம் செய்ய வேண்டிய தேவை இல்லை. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி என்பது அதன் முழுப் பெயர், பி. ஐ. கம்பெனி என்பது வழக்கு. 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியிலே சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவி, காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களை வாங்கிக் கொழும்புக்கு ஓட்டியது இந்தக் கம்பெனிக்கு எதிராகவே. கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் பிரயாணிகளை இனாமாகவே ஏற்றிக் கையில் ஒரு குடையும் கொடுத்தனுப்பிற்றாம் பி. ஐ. கம்பெனி. சிதம்பரனார் 1908-இல் சிறை புகுந்தார். 1911-இல் சுதேசிக் கம்பெனி கலைக்கப்பட்டது. பின்னர் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம்மவரைத் தலைமுறை தலைமுறையாக ஏற்றிச் சென்ற ரஜூலா, ரோனா ஆகிய கப்பல்களும் இக்கம்பெனியுடையவையே. இவற்றுள் ரோனா போரிலே அழிந்தது. 1943 நவம்பர் 26-ஆம் நாள், அமெரிக்கத் துருப்புகளை ஏற்றிச் செல்லுகையில், ஜெர்மன் விமானத்தின் குண்டுக்கு இரையாகி மத்தியதரைக் கடலில் மூழ்கிற்று. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். நம் பாட்டன்மார் தட்டுமுட்டுச் சாமான்களோடு ஏறியிறங்கிய கப்பல் அது என்பதை நினைக்குந்தோறும், உலகப் போர் என்பது எங்கோ நடந்த பிறர் சண்டை என்று எண்ணத் தோன்றவில்லை.

இக்கம்பெனி தன் கப்பல்களுக்குப் பெரும்பாலும் இந்திய ஊர்ப் பெயர்களையே, அதிலும் ஆகார ஓசையில் முடிவனவற்றையே தேடிச் சூட்டியது. மால்டா, எரின்புரா, திலாவா என்பன போல. முதல் உலகப் போரின் இறுதியில் இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையிலே பாமர் கம்பெனியார் கட்டத் தொடங்கிய ஒரு சரக்குக் கப்பலுக்கு ‘வார் ரோபக்’ என்று பெயரிடுவதாக இருந்தது. அது முடிவதற்குள் போர் முடிந்தது. பி. ஐ. கம்பெனி அதனை வாங்கிக் கேர்சொப்பா என்று பெயரிட்டு 1919-இல் கடலில் விட்டது. 5,237 டன் கொள்ளளவுடையது. அழகுக்கும் வேகத்துக்கும் பெயர் பெற்றதன்று. நிலக்கரி எரித்து மெல்ல ஊர்ந்து செல்லும் உழைப்பாளிக் கப்பல்.

இத்தகைய கப்பல்களையும் ஓவியர்கள் விடவில்லை. மேலைநாட்டிலே கடல் ஓவியம் ஒரு தனிக்கலை. டச்சு நாட்டினராகிய வான் டி வெல்டே என்னும் தந்தையும் மகனும் 1670-களில் இங்கிலாந்து சென்று, அரசரிடமே சம்பளம் பெற்றுக் கடற்போர்களை வரைந்தனர். அவர்கள் வழியிலே வந்த ஓவியர் பலர் கப்பல் முதலாளிகளுக்காக எழுதித் தந்த படங்களுக்கு ஓர் இலக்கணமே உண்டு. கப்பல் பக்கவாட்டில் நிற்கும். முன்னணியமும் பின்னணியமும் ஒருங்கே தெரியும். பாய்மரமும் புகைபோக்கியும் கொடியும் அளவு பிசகாமல் இருக்கும். பி. ஐ. கப்பல் எனின் கறுத்த புகைபோக்கியிலே இரண்டு வெண்பட்டைகள் இருந்தாக வேண்டும். முதலாளியின் மேசைக்குப் பின்னால் மாட்டப்படுவதற்கு ஏற்ற படம் அது. மனிதர் இருந்தால் மேல்தளத்திலே கோதுமை மணியளவு தெரிவர். எஞ்சின் அறையிலே கரி வாரிக்கொண்டிருப்பவன் எவ்வாறு தெரிவான்? அவனை மறைத்திருக்கும் இரும்புப் பலகையைத்தான் ஓவியன் அவ்வளவு நுணுக்கமாகத் தீட்டுகிறான்.

இங்கே நம் பக்கத்து ஓவியம் ஒன்று நினைவுக்கு வருகின்றது. மலைக்கு அப்பால் திருநெல்வேலிச் சீமையிலே திருப்புடைமருதூர் என்னும் தாமிரபரணிக்கரைத் தலத்தின் கோபுரத்தினுள்ளே, பழைய சுவரோவியங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று, அரபு வணிகரின் மரக்கலம். கடல் கடந்து குதிரைகள் வந்த காட்சி. அதை வரைந்தவனுக்குப் பக்கவாட்டு அளவு பற்றிய கவலை இல்லை. கப்பலைத் திறந்து காட்டுகிறான். குதிரையும் ஆளும் உள்ளே நெருங்கி நிற்பது தெரிகின்றது. கப்பற் கட்டுமானம் கற்க விரும்புவோர்க்கு அது உதவாது. கப்பலில் யார் வந்தார் என்று கேட்பவர்க்கு அதுவே உதவும். இரண்டில் எது சிறந்த ஓவியம் என்ற வழக்குக்கு நான் வரவில்லை. இரண்டின் நோக்கும் வேறு என்பது மட்டும் போதும்.

போர்க்காலத்தில் கடல் ஓவியர்க்கு விசித்திரமான வேலையும் வாய்த்தது. நார்மன் வில்கின்சன் என்னும் ஆங்கிலக் கடல் ஓவியர், 1917-இல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களை வரிசையாக மூழ்கடித்தபோது, கப்பலைப் படமாக எழுதுவதை விடுத்துக் கப்பலின் மேலேயே எழுதலாம் என்று யோசனை கூறினார். கறுப்பும் வெளுப்பும் நீலமுமான கோணல்மாணல் பட்டைகளைக் கப்பலின் உடல் முழுதும் தீட்டிவிட்டால், அது மறையாது. ஆனால் எத்திசை நோக்கிச் செல்கிறது, எவ்வளவு வேகத்தில் செல்கிறது என்று நீர்மூழ்கித் தலைவன் கணிக்க முடியாமல் திகைப்பான். குறி தவறும். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கப்பல்கள் அவ்வாறு வரிக்குதிரை வேடம் பூண்டன. வேடம் எவ்வளவு பலித்தது என்பதிலே அறிஞர்க்குள் கருத்து வேற்றுமை உண்டு. அதே வில்கின்சன் இரண்டாம் போரின்போது கடற்போரின் நிகழ்ச்சிகளை 54 படங்களாக வரைந்து நாட்டுக்கு அளித்தார். அவை கிரீனிச்சிலுள்ள தேசியக் கடல்சார் காட்சிசாலையைச் சேர்ந்தன.

இனிக் கேர்சொப்பாவின் கடைசிப் பயணத்துக்கு வருவோம். 1940 டிசம்பரில் அது கல்கத்தாவிலிருந்து புறப்பட்டது. சரக்கு ஏறத்தாழ 7,000 டன். வார்ப்பிரும்பும் தேயிலையும் பெரும்பகுதி. அவற்றோடு வெள்ளிப் பாளங்கள். இத்தாலி போரிற் புகுந்துவிட்டபடியால் மத்தியதரைக் கடல் வழி சரக்குக் கப்பல்களுக்கு அடைபட்டிருந்தது. எனவே ஆப்பிரிக்காவைச் சுற்றிச் செல்ல வேண்டியதாயிற்று. மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபிரீடவுன் துறைமுகத்திலே மற்றக் கப்பல்களோடு அணிசேர்ந்து, 1941 ஜனவரி 30-ஆம் நாள் இங்கிலாந்து நோக்கிக் கிளம்பிற்று. வழியிலே கடும்புயல். பாரமேறிய பழங்கப்பல் அலையோடு போராடியதில் நிலக்கரி கரைந்துகொண்டே வந்தது. அணியின் வேகத்துக்கு ஈடுகொடுத்தால் ஊர் போய்ச் சேரக் கரி போதாது என்று கண்ட கப்பல் தலைவர், பிப்ரவரி 14-ஆம் நாள் அணியை விட்டுப் பிரிந்து, அயர்லாந்தின் கால்வே துறைமுகத்தை நோக்கித் தனியே திரும்பினார். காவலை விட்டுப் பிரிவது எத்தகைய ஆபத்து என்பது அவருக்குத் தெரியாததன்று.

இரண்டு நாட் கழித்து, 16-ஆம் நாள், ஜெர்மன் விமானம் ஒன்று வந்து வட்டமிட்டுச் சென்றது. அன்றிரவு பத்தரை மணியளவில், ஏர்ன்ஸ்ட் மெங்கர்சன் என்பவனுடைய யு-101 என்னும் நீர்மூழ்கி எய்த டார்பிடோ கேர்சொப்பாவின் வலப்புறத்தைத் துளைத்தது. முன்மரம் முறிந்து விழுந்தது. அதனோடு கம்பியில்லாத் தந்தியின் கம்பியும் அறுந்தது. உதவிக்குக் கூவவும் வழியில்லை. ஏறத்தாழ இருபது நிமிடத்தில் கப்பல் மறைந்தது.

அதிலே இருந்தவர் எண்பதின்மருக்கு மேல். அதிகாரிகள் ஆங்கிலேயர், ஏனையோரிற் பெரும்பாலார் லஸ்கர்கள். படை என்று பொருள்படும் ‘லஷ்கர்’ என்னும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்த இப்பெயர், ஐரோப்பியக் கப்பல்களில் வேலை செய்த இந்தியக் கப்பலாட்களுக்கு வழங்கிற்று. அவர்களுக்குத் தலைவன் சாரங்கு, அவனுக்கு அடுத்தவன் தண்டல், சமைப்பவன் பண்டாரி. தண்டல் என்பது நம் கரையோரத்தில் படகு செலுத்துவோரிடையே வழங்கும் சொல்லே. ஆங்கிலேயர் அதை ‘டிண்டல்’ என்று சிதைத்துத் தம் அகராதியிலே சேர்த்துக்கொண்டனர். கல்கத்தாவிலிருந்து புறப்படும் கப்பல்களில் எஞ்சின் அறைக்குப் பெரும்பாலும் சில்ஹெட் மாவட்டத்துக் குடியானவரும், மேல்தளத்துக்கு நவகாளி, சிட்டகாங் பகுதியினரும் சேர்ந்தனர். போர் தொடங்கிய காலத்தில் பிரிட்டிஷ் வாணிகக் கப்பல்களில் வேலை செய்தவருள் ஏறத்தாழ நான்கிலொருவர் லஸ்கர். அவர்கள் பெற்ற சம்பளமோ ஆங்கிலேய மாலுமியின் சம்பளத்தில் நான்கிலொரு பங்கைக்கூட எட்டவில்லை. 1939-இல் போர் மூண்டவுடன், டார்பிடோவுக்கு நிறபேதம் தெரியாது என்பதை அவர்களும் உணர்ந்தனர் போலும். பல துறைமுகங்களிலே ஏற மறுத்து வேலைநிறுத்தம் செய்தனர். பலர் சிறை சென்றனர். அதன்பின் சம்பளம் ஓரளவு உயர்ந்தது. அட்லாண்டிக் மட்டுமன்று, நம் கரையும் அபாயத்துக்குத் தப்பவில்லை. 1943 அக்டோபரில் சிந்தியாக் கம்பெனியின் ஜலபாலா என்னும் இந்தியச் சரக்குக் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று மலபார்க் கரைக்கு அப்பாலேயே மூழ்கடித்தது.

கேர்சொப்பா மூழ்கிய இரவில், இரண்டாம் அதிகாரி ரிச்சர்ட் அயர்ஸ் என்பவரின் பொறுப்பில் ஒரு படகு தப்பிற்று. அதில் 31 பேர். எண்மர் ஐரோப்பியர், 23 பேர் லஸ்கர்கள். பிப்ரவரி மாதத்து வட அட்லாண்டிக். வங்கத்தின் வெம்மையிலே பிறந்து வளர்ந்தவர்கள், கிடைத்ததை உடுத்தியபடி, திறந்த படகிலே. சிறு பாயை விரித்துக் கிழக்கு நோக்கிச் செலுத்தினார் அயர்ஸ். குடிநீர் தீர்ந்தது. குளிராலும் தாகத்தாலும் ஒவ்வொருவராக இறந்தனர். உடல்களைக் கடலில் இடும் வலுவும் எஞ்சியிருந்தவர்க்குக் குறைந்துகொண்டே வந்திருக்கும். பதின்மூன்றாம் நாள், மார்ச் 1-ஆம் தேதி, இங்கிலாந்தின் தென்கோடியாகிய லிசர்ட் முனையின் பாறைகள் தெரிந்தன. அப்போது உயிரோடிருந்தவர் ஒரு சிலரே. கரை நெருங்கிய வேளையில் அலை புரண்டு படகு கவிழ்ந்தது. நகரத்துக் குண்டுவீச்சுக்கு அஞ்சி அவ்வூருக்கு அனுப்பப்பட்டிருந்த சிறுமியர் சிலர் குன்றின்மேலிருந்து அதைக் கண்டு ஓடிச்சென்று சொல்ல, ஆட்கள் வந்து கயிறு வீசினர். அயர்ஸ் ஒருவர்தாம் பிழைத்தார். கரையைக் கண்ணாற் கண்டபின் மற்றவர் மாண்டனர். அயர்ஸுக்கு அரசர் விருதளித்தார். அவர் மீண்டும் கடலுக்குத் திரும்பி, நெடுநாள் வாழ்ந்து, 1992-இல் காலமானார்.

இந்தப் படகு போன்ற ஒன்றை எழுதிய ஓவியர் ஒருவர் இருந்தார். ரிச்சர்ட் யூரிக் என்பது அவர் பெயர்; பிரிட்டிஷ் கடற்படைக்கு அரசாங்கம் நியமித்த போர் ஓவியர். 1942-இல் அவர் தீட்டிய ஒரு படத்தின் தலைப்பு, ‘டார்பிடோவால் மூழ்கிய கப்பலில் தப்பியவர்கள்’ என்பது. அது கேர்சொப்பாவின் படம் என்று பெயரிடப்பட்டதன்று. அதிலே கப்பலே இல்லை. கவிழ்ந்து கிடக்கும் ஒரு படகு. அதைப் பற்றிக்கொண்டு நலிந்து கிடக்கும் மனிதர். சுற்றிலும் எல்லையற்ற நீர். முதலாளி மேசையின் பின்னால் மாட்டத் தக்கதன்று. மாட்டவும் விடவில்லை. இதைக் கண்டால் வாணிகக் கப்பலில் வேலைக்குச் சேர யார் வருவார் என்று கடற்படைத் தலைமையகத்தார் அஞ்சி, படத்தைப் பொதுக் காட்சியிலிருந்து விலக்கி வைத்தனர். போர் முடிந்தபின், 1946-இல் அது லண்டன் டேட் கலைக்கூடத்தைச் சேர்ந்தது. ஒரு படம் உண்மையாக இருக்கின்றது என்பதற்கு இதைவிட நல்ல நற்சான்றிதழ் கிடைப்பது அரிது.

எழுபதாண்டுகள் கழிந்தன. பிரிட்டிஷ் அரசாங்கத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்ட ஒடிஸ்ஸி என்னும் அமெரிக்கக் கம்பெனி, 2011-இல் கேர்சொப்பாவைக் கண்டுபிடித்தது. மனிதர் இறங்க இயலாத ஆழம். இயந்திரக் கைகளைக் கயிற்றில் இறக்கி வேலை செய்தனர். 2012-இல் 1,218 வெள்ளிப் பாளங்களும், 2013-இல் 1,574 பாளங்களும் வெளிவந்தன. ஆக 2,792. எடை ஏறத்தாழ 110 டன். காப்பீட்டுப் பத்திரத்திலே குறித்த வெள்ளியில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் கிடைத்துவிட்டது என்று பெருமிதத்தோடு அறிவித்தனர். மீட்புச் செலவு போக எஞ்சியதில் எண்பது விழுக்காடு கம்பெனிக்கு. மிகுதி பிரிட்டிஷ் கருவூலத்துக்கு. அவ்வெள்ளியின் ஒரு பகுதியைக் கொண்டு பிரிட்டிஷ் அரச நாணயச்சாலை நாணயங்களும் வார்த்தது. அவற்றின் விளிம்பிலே கேர்சொப்பா என்று பொறித்திருக்கின்றது. கல்கத்தாவில் ஏற்றிய வெள்ளியில் இந்தியாவுக்கு ஒரு பங்கும் இல்லை.

வெள்ளியைத் தேடியவர்கள் வேறொன்றையும் கண்டனர். தபாற்பைகள். மூட்டையாக அழுந்தி, ஒளியும் காற்றும் புகாத கடுங்குளிரிலே கிடந்தபடியால், தாள் மட்கவில்லை. 1940-இன் இறுதியில் இந்தியாவிலிருந்து எழுதப்பட்ட 717 கடிதங்கள் பக்குவமாக உலர்த்திப் பிரிக்கப்பட்டன. போர்வீரர் எழுதியவை, பாதிரிமார் எழுதியவை, கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். தன்னை மணக்க இசைந்த பெண்ணுக்கு மகிழ்ச்சியோடு ஒரு வீரன் எழுதிய கடிதமும் அவற்றுள் ஒன்று. அப்பெண் அக்கடிதத்தின் செய்தியை அறிந்தது, எழுபத்தைந்து ஆண்டுக்கு மேல் கழித்து, மூதாட்டியாக இருந்தபோது. 2018-இல் லண்டன் தபால் காட்சிசாலையில் இக்கடிதங்களைக் கொண்டு ஒரு கண்காட்சி நடத்தினர். படித்தவர் கண் கலங்கினர் என்றால் வியப்பில்லை. ஆயினும் தபாற்பையில் இருந்தவை எழுதப் படிக்கத் தெரிந்தவர் கடிதங்கள். அந்தப் பைகளைத் தோளிலே சுமந்து ஏற்றிய கலாசியும், அவற்றைக் கொண்டுசெல்லும் கப்பலுக்குக் கரி தள்ளியவனும் வீட்டுக்கு என்ன எழுத நினைத்தனரோ! அவர்கள் வீட்டார்க்கு வந்து சேர்ந்தது கம்பெனியின் அறிவிப்பு.

இறந்தவர் பெயர்கள் எங்கே உள்ளன என்றால், இரண்டு இடங்களில் பிரிந்து கிடக்கின்றன. லண்டனிலே டவர் ஹில் என்னும் இடத்தில், கடலையே கல்லறையாகக் கொண்ட வாணிகக் கப்பலாட்களுக்கு ஒரு நினைவு மண்டபம் உண்டு. கப்பல் கப்பலாகப் பிரித்துச் சுவரிலே பெயர் பொறித்திருக்கின்றனர். கேர்சொப்பாவின் ஆங்கிலேயர் பெயர்களை அங்கே காணலாம். லஸ்கர்களின் பெயர்கள் அங்கே இல்லை. அவர்கட்கு மும்பையிலே, மஸ்ஜித் பந்தர்ப் பக்கத்துச் சந்தடியில் உள்ள இந்திய மாலுமிகள் இல்லத்தில் நினைவுச்சின்னம் அமைத்தனர். ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் பெயரைக் கல்லிலே பொறிக்கவில்லை. புத்தகத்திலே எழுதி வைத்தனர். அப்புத்தகத்தின் மறுபடி ஒன்று வங்காளதேசத்துச் சிட்டகாங் நகரில் இருக்கின்றது. கேர்சொப்பாவின் சாரங்கும் தண்டலும் பண்டாரியும் அந்த ஏடுகளிலே உள்ளனர்.